ஆழாக்கும் தராசும்

மைசூர்பாகுக்குப் பல வீடுகளில் வாய்க்கணக்குதான்: கடலை மாவு ஒரு டம்ளர், சர்க்கரை இரண்டு, நெய் இரண்டு. புதிதாக வாங்கிய தராசில் அதையே மாவு 100 கிராம், சர்க்கரை 200 கிராம் என்று நிறுத்துக் கிண்டிப் பாருங்கள். பாகு போதாது; மாவு கட்டிகட்டியாக நிற்கும். 240 மில்லி கப்பில் சலித்த கடலை மாவு சுமார் 100 கிராம் பிடிக்கும், சர்க்கரையோ 200 கிராம் பிடிக்கும். டம்ளரில் ஒன்றுக்கு இரண்டு என்பது தராசில் ஒன்றுக்கு நான்கு.

சமையல் குறிப்புகளையெல்லாம் கிராமுக்கு மாற்றிவிட வேண்டும் என்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. முதலில் ‘கப்’ என்பதே ஒன்றல்ல. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானிய ரைஸ் குக்கரோடு வருவது 180. நம் பழைய அளவும் யோக்கியம் இல்லை: படிக்கு எட்டு ஆழாக்கு என்ற கணக்கு நிலையானது, படிதான் ஊருக்கு ஊர் வேறு. பாத்திரம் ஒன்றாகவே இருந்தாலும் கை வேறு. மைதாவைக் கரண்டியால் மெல்ல நிரப்பித் தலைதட்டினால் ஒரு கப் 120 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் 150 வரை போகும். கேக் கல்லாவதற்கு அந்த 30 கிராம் போதும். வெல்லத்தைப் பொடித்து அளப்பதா, உடைத்து அளப்பதா? ஊறுகாய்க்கு ஒரு கரண்டி உப்பு என்றால் கல்லுப்பா, தூளுப்பா? கல்லுப்பில் இடைவெளி அதிகம், எடை குறைவு. இங்கெல்லாம் தராசுக்கே என் ஓட்டு.

ஆனால் இட்லிக்கு? அரிசியும் உளுந்தும் ஒரே டம்ளரில் ஏறக்குறைய ஒரே எடைதான். நாலுக்கு ஒன்று என்பது ஆழாக்கிலும் அதுவே, கிராமிலும் அதுவே. இட்லியின் தலையெழுத்து உளுந்து எவ்வளவு மாவு காணும் என்பதில் இருக்கிறது. புது உளுந்தா பழசா என்பதைத் தராசு சொல்லாது. பெருங்காயம், ஆப்ப சோடா போன்றவற்றுக்கும் ஒரு கிராம் ஒரு கிராமாகத் தாவும் வீட்டுத் தராசைவிடச் சின்ன ஸ்பூனே நம்பகமானது. சாம்பாரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மெட்ரிக் அளவு நம் சந்தைக்கு வருமுன், 1951இல் வெளிவந்தது மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. அப்படிப்பட்ட புத்தகங்களின் ஆழாக்கைக் கப் ஆக்கி, கப்பைக் கிராம் ஆக்கும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் பிசகு சேர்கிறது. கடைசியில் கிடைக்கும் ‘187 கிராம்’ துல்லியமாகத் தோன்றலாம், துல்லியம் அல்ல. அதைவிட மோசம், மில்லியை அப்படியே கிராமாக எழுதிவிடுவது. எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே என் தீர்ப்பு: மாவு, வெல்லம், உப்புக்கு எடை; அரிசி, பருப்பு, தண்ணீருக்கு டம்ளர். எடைக்கு மாற்றுவதானால் அது குறிப்பு எழுதுகிறவர் வேலை. தன் அடுப்பருகே, தன் கையால் அள்ளியதை நிறுத்து எழுத வேண்டும். அட்டவணை பார்த்துப் பெருக்கி எழுதியதை நான் நம்பமாட்டேன்.

உங்கள் வீட்டு டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். வரும் கிராம்தான் அதன் மில்லி. அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.