மேலாய்வுப் பணியும் தனிக் கடிதமும்

முனைவர் பட்டம் பெற்றவர், நிலையான பணியில் அமர்வதற்கு முன், வேறொரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் ஊதியத்துடன் ஆராய்ச்சி செய்யும் இடைக்காலப் பணியே முனைவர் பட்ட மேலாய்வு. ஆய்வாளர்களின் பேச்சு வழக்கில் அது ‘போஸ்ட்டாக்’. அமெரிக்காவில் உயிரியல், வேதியியல், பொறியியல் துறைகளில் இத்தகைய பணியிடங்கள் பல, விளம்பரத்துக்கு முன்பே, சில வேளைகளில் விளம்பரமே இன்றி, ஆய்வகத் தலைவருக்கு விண்ணப்பதாரர் நேரடியாக எழுதும் மின்னஞ்சலால் நிரம்பிவிடுகின்றன.

இம்முறை நிலைத்திருப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் பேராசிரியரின் பெயரில் வழங்கும் ஆய்வு நல்கையிலிருந்தே மேலாய்வாளருக்கு ஊதியம் தரப்படுவதாலும், அந்த நல்கை ஆண்டின் எந்த மாதத்திலும் கைக்கு வரலாம் என்பதாலும், ஆளைத் தேடும் உரிமையும் அவசரமும் பேராசிரியருடையவை ஆகின்றன. நல்ல கடிதம் அரைப்பக்கத்தைத் தாண்டாது. அக்குழுவின் அண்மைக் கட்டுரையில் விடை காணப்படாமல் நிற்கும் ஒரு கேள்வியைச் சுட்டி, அதற்குத் தம் கைத்தேர்ச்சி, சான்றாக, உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புரதங்களின் வடிவத்தைப் படமெடுத்த பயிற்சி, எவ்வாறு பயன்படும் என்பதை விளக்கும். பொது விண்ணப்பப் படிவம் எதிலும் இத்தகைய ஆய்வுச் சிந்தனை இவ்வளவு தெளிவாக வெளிப்படுவதில்லை.

ஆயினும் கடிதத்தைப் படிப்பவரின் கண், அதில் உள்ள முனைவர் பட்ட நெறியாளரின் பெயரிலும் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் விழாமல் இராது. நெறியாளர் மாநாடுகளில் பழகியவரானால் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே பரிந்துரை கிடைத்துவிடும். இந்திய மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில், வெளிநாட்டுத் தொடர்பற்ற நெறியாளரிடம் பயின்றவருக்கோ பதிலே வராமல் போகலாம். விண்ணப்பதாரரின் பெயரும் எடைபோடப்படுகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஈட்டனும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 251 உயிரியல், இயற்பியல் பேராசிரியர்களிடம், பெயர் மட்டும் மாறிய ஒரே தன்விவரக் குறிப்பு மேலாய்வுப் பணிக்கென அளிக்கப்பட்டபோது, இயற்பியலாளர்கள் ஆண் பெயருக்கே கூடுதல் தகுதி கண்டனர். ஒருவரே தனித்துத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இச்சாய்வைத் தடுக்கக் குழுவும் இல்லை, பின்னர் ஆராயப் பதிவேடும் இல்லை. வெளிநாட்டவரின் நிலை இன்னும் கடினம்: அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் மேலாய்வாளருக்கு நேரடியாக வழங்கும் எஃப்32 நல்கை குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை பெற்றோருக்கும் மட்டுமே உரியது என்பதால், அவர்கள் பெரும்பாலும் பேராசிரியரின் நல்கையையே நம்பியிருக்க நேர்கிறது, விசாவும் அப்பணியோடு பிணைந்தது.

வானியலார் வேறு வழி கண்டனர். பணியிடங்களை அமெரிக்க வானியல் கழகத்தின் பதிவேட்டில் விளம்பரப்படுத்துவது அங்கு வழக்கம். பிப்ரவரி 15க்கு முன் எவரையும் முடிவு சொல்லுமாறு வற்புறுத்தலாகாது என்று அக்கழகம் 1988இல் தீர்மானித்தது. இதனால் இளம் ஆய்வாளர் தமக்கு வந்த அழைப்புகளை ஒருங்கே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஆண்டுக்கு ஒரே பருவம் என்பதால் அதைத் தவறவிட்டவர் ஓராண்டு காத்திருக்க நேரலாம் என்பதும், ஏராளமான விண்ணப்பங்களை ஒருங்கே எழுதும் சுமையும் உண்மையான குறைகளே. எனினும் காலியிடம் இருப்பதையே அறியாத நிலையைவிட அவை சிறியவை.

நல்கைகள் வெவ்வேறு மாதங்களில் வருவதால் ஆய்வகத் துறைகளுக்குப் பொதுவான நாள்காட்டி பொருந்தாது என்னும் மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆனால் நல்கை எந்த மாதத்தில் வந்தாலும், இடத்தை நிரப்பும் முன் சில வாரங்களேனும் அதைப் பொதுவில் அறிவிப்பதற்கு அது தடையாகாது. தனிக் கடிதம் எழுதியவரும் அந்த அறிவிப்பின் வழியே விண்ணப்பிக்கலாம்.