எண்ணை ஆள்வது யார்? கொங்கு நூற்பாலைகளில் தரவுப் பகுப்பாய்வின் ஆளுகை: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்களில் வணிக நுண்ணறிவும் தரவுப் பகுப்பாய்வும் பெரும்பாலும் மென்பொருள் சார்ந்த சிக்கலாகவே பேசப்படுகின்றன. எண்ணை வரையறுப்பவர் யார், சரிபார்ப்பவர் யார், அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் ஆளுகை வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு நூற்பாலைகளுக்கிடையே வளர்ந்த உற்பத்தித்திறன் ஒப்பாய்வு, ஆலைகளில் கணினி பரவுவதற்கு முன்பே இவ்வினாக்களை எதிர்கொண்டது. எனினும் அந்த ஒழுங்கு ஆலைகளுக்கிடையே நின்றுவிட்டது. ஆலைக்குள் கதிர்களின் முன் நிற்கும் தொழிலாளரை அது எட்டவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: வணிக நுண்ணறிவு, தரவு ஆளுகை, நூற்பாலை, சிட்ரா, கொங்கு நாடு, தொழிலாளர் தரவு

முன்னுரை

கோயம்புத்தூரின் முதல் பஞ்சாலை 1888-இல் தோன்றியது. 1930-களில் பைகாரா நீர்மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் விரைந்து பெருகின. இவ்வளர்ச்சியை எழுதியோர் பருத்தி, மின்சாரம், முதலீடு, தொழிலாளர் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளனர். ஆலையை நடத்தும் எண்கள் எவ்வாறு உருவாகின்றன, யாருடைய கையில் இருக்கின்றன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இன்று ஒவ்வொரு கதிரையும் தனித்தனியே கண்காணிக்கும் கருவிகள் ஆலைகளுக்கு வந்துவிட்டன. ஆகவே அவ்வினாவை இப்போது எழுப்புவது தேவையாகிறது.

சொல்லும் பொருளும்

‘வணிக நுண்ணறிவு’ என்னும் கருத்தை 1958-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் ஹான்ஸ் பீட்டர் லூன் முறையாக விளக்கினார். உண்மைகளுக்கிடையே உள்ள உறவைக் கண்டு, அதனைக் கொண்டு செயலை நெறிப்படுத்தும் திறன் என்னும் அகராதிப் பொருளையே அவர் எடுத்துக்கொண்டார். தமிழ் வழக்கும் அப்பொருளையே பின்பற்றுகிறது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உளவு என்னும் பொருளும் உண்டு. தமிழில் ‘நுண்ணறிவு’ என்றவுடன் அறிவின் பெருமை முன்வந்து, ஒற்றின் ஐயம் மறைந்துவிடுகிறது. திரையில் தோன்றும் எண் அறிவாகவே ஏற்கப்படுகிறது. அது ஒருவர் கொணர்ந்த செய்தி என்பது மறக்கப்படுகிறது.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இங்கு நினைக்கத்தக்கது. ஓர் ஒற்றன் தந்த செய்தியை இன்னோர் ஒற்றனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆள வேண்டும். மூவர் சொல் ஒத்தால்தான் தெளிய வேண்டும் என அவ்வதிகாரம் வற்புறுத்துகிறது. செய்தியைத் திரட்டுவதோடு அரசனின் கடமை முடிவதில்லை. செய்தி வரும் வழியை ஆள்வதும் அவன் கடமை. தகவல் தொழில்நுட்ப ஆளுகை பற்றி 2004-இல் எழுதிய பீட்டர் வெயிலும் ஜீன் ராஸும் முடிவெடுக்கும் உரிமை, பொறுப்புடைமை என்னும் இரண்டையே அதன் அடிப்படையாகக் கொண்டனர். இரு பார்வைகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: எண்ணுக்குப் பின்னே ஓர் ஆள் இருக்கிறார், அவர் யாரென்று தெரிய வேண்டும்.

ஒப்பிடத்தக்க எண்

1956-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் (சிட்ரா) ஆலைகளிடமிருந்து உற்பத்தித் தரவுகளைப் பெற்று, ஒப்பிட்டு, அவற்றுக்கே திருப்பித் தரும் பணியை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அது கையாளும் அளவுகளுள் ஒன்று, 100 கிலோ நூலை உற்பத்தி செய்யத் தேவைப்படும் தொழிலாளர் மணிநேரம். ஆலை வழக்கில் இது ‘எச்.ஓ.கே.’ எனப்படும்.

இவ்வளவு எளிய எண்ணும் தானாக ஒப்பிடத்தக்கதாகிவிடுவதில்லை. 40-ஆம் எண் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள 40 சிட்டங்கள், அதாவது 33,600 கெஜம் நூல். எண் கூடக்கூட நூல் மெலிகிறது, முறுக்கும் கூடுகிறது. கதிர் வேகமும் முறுக்குப் பெருக்கெண்ணும் மாறாதிருப்பின், 20-ஆம் எண் நூல் நூற்கும் கதிர், 60-ஆம் எண் நூல் நூற்கும் கதிரைவிட எடையில் ஏறத்தாழ ஐந்து மடங்கு நூலைத் தரும். எடையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் மெல்லிய நூல் நூற்கும் ஆலை சோம்பலான ஆலையாகத் தோன்றும். எனவே ஆலைகளின் எண்கள் 40-ஆம் எண் நூலுக்கு ஈடாக மாற்றப்பட்ட பின்னரே அருகருகே வைக்கப்படுகின்றன.

இம்மாற்றம் வெறும் கணக்கு நுட்பம் அன்று. சந்தையில் போட்டியிடும் ஆலைகள் தங்கள் எண்களைப் பொது அமைப்பு ஒன்றிடம் ஒப்படைப்பதற்கு மூன்று உடன்பாடுகள் தேவைப்பட்டன. வரையறை அனைவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சூழ்நிலை வேறுபாடு கணக்கில் கொள்ளப்பட வேண்டும். எண்ணைத் தந்தவர் தம் இடம் எது என்பதைத் திரும்ப அறிய வேண்டும். பிறர் அதனைக் கொண்டு அவருக்குத் தீங்கு செய்தல் கூடாது. இன்று ‘தரவு ஆளுகை’ என வழங்கப்படுவதன் உள்ளடக்கம் இதுவே.

ஆலைக்குள் மாறும் கணக்கு

இதே ஒழுங்கு ஆலைக்குள் பின்பற்றப்பட வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ரிங் பிரேமில் நூல் அறுவதை எடுத்துக்கொள்வோம். எந்தக் கதிரில், எந்த நேரத்தில் நூல் அறுந்தது, எவ்வளவு நேரம் கழித்து இணைக்கப்பட்டது என்பதைக் கருவி பதிவு செய்கிறது. அந்த எந்திரத்தைக் கவனிக்கும் சைடரின் பெயரோடு அப்பதிவை இணைப்பது மென்பொருளுக்கு எளிது. ஆனால் நூல் அறுவதற்குப் பஞ்சின் தரம் காரணமாகலாம். முந்தைய பிரிவுகளில் நேர்ந்த சீரின்மை காரணமாகலாம். தேய்ந்த டிராவலர் காரணமாகலாம். கூடத்தின் ஈரப்பதம் குறைந்தது காரணமாகலாம். பஞ்சை வாங்கியவரும் பராமரிப்பைத் தள்ளிப்போட்டவரும் அத்திரையில் இல்லை. இருப்பவர் சைடர் ஒருவரே.

கருவியின் அளவீடு பிழையற்றதாக இருக்கலாம். பிழை, அளவீட்டை ஓர் ஆளின் தலையில் ஏற்றும் வரையறையில் உள்ளது. ஆலைகளை ஒப்பிடும்போது நூல் எண்ணின் வேறுபாட்டைக் கழித்துப் பார்க்கத் தெரிந்த தொழில், தொழிலாளரை ஒப்பிடும்போது பஞ்சின் வேறுபாட்டையும் எந்திரத்தின் வயதையும் கழித்துப் பார்க்கத் தவறினால், அதனை அறியாமை என்று சொல்ல இயலாது.

எந்திரத்தின் செயல்திறன் விழுக்காடும் இத்தகையதே. மின்வெட்டால் நின்ற நேரத்தை மொத்த நேரத்திலிருந்து கழிப்பதா, சேர்ப்பதா? இரு முறைகளும் கணக்கியலில் பொருந்தும். ஆனால் ஊக்கத்தொகை அந்த விழுக்காட்டைச் சார்ந்திருப்பின், வரையறையைத் தேர்பவர் கூலியையும் தேர்ந்துவிடுகிறார். இவ்வதிகாரம் எவரிடம் உள்ளது என்பது எழுத்தில் இல்லாதபோது, மென்பொருளை அமைத்த ஒப்பந்த நிறுவனத்தின் முன்னமைவே ஆலையின் கொள்கையாகிவிடும்.

அளக்கப்படுபவரின் உரிமை

மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகக் கூறி இளம்பெண்களைப் பணியில் சேர்த்த ‘சுமங்கலி’ முறையை இங்கு நினைவுகூர வேண்டும். காலம் நிறைவதற்குள் விலகியோர் அத்தொகையை இழந்ததைக் களஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அத்தகைய ஏற்பாட்டில் வருகைப் பதிவு ஒரு பெண்ணின் மூன்றாண்டு உழைப்பின் மதிப்பையே முடிவு செய்யும் ஆவணம். அது முழுவதும் ஒரு தரப்பின் கையில் இருந்தால், வழக்கெழும்போது மறுதரப்பிடம் காட்டுவதற்கு ஒன்றும் இராது.

2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றும் என எதிர்பார்ப்போர் உண்டு. அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காகத் தொழிலாளரின் ஒப்புதலின்றியும் தரவைக் கையாள இடமளிக்கிறது. தம் தரவைப் பற்றி அறியும் உரிமையைத் தரும் 11-ஆம் பிரிவோ, ஒப்புதலின் அடிப்படையில் பெறப்பட்ட தரவோடு அவ்வுரிமையைப் பிணைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அறியும் உரிமை மிகுதியாகத் தேவைப்படும் பணியிடத்திலேயே அது மெலிந்து நிற்பது புலனாகும். தரவுக்குரியவரை ‘அவள்’ என்றே சுட்டும் அச்சட்டம், பெண்கள் பெருமளவில் உழைக்கும் நூற்பாலையின் வாயிலில் தயங்கி நிற்கிறது.

ஒரு மறுப்பும் விடையும்

தரவைத் தொழிலாளருக்குக் காட்டினால் பூசல் பெருகும், நிர்வாகம் தளரும் என்று ஆலைத் தரப்பு கூறக்கூடும். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒவ்வோர் எண்ணும் வாதத்திற்குரியதானால் ஷிப்டு நகராது. ஆயினும் இதே அச்சம் ஆலை உரிமையாளர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். தம் குறையைப் போட்டியாளர் அறிவார் என்னும் தயக்கத்தைக் கடந்து அவர்கள் எண்ணைத் தந்ததற்குக் காரணம், அதனால் தமக்கும் பயன் திரும்பியது. தொழிலாளருக்கும் அதே உடன்பாட்டை வழங்குவது புதுமையன்று. அத்தொழில் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட நெறியின் நீட்சியே.

நடைமுறையில் இது மூன்று செயல்களாக அமையலாம். ஊதியத்தைப் பாதிக்கும் ஒவ்வோர் அளவின் வரையறையும், அதனை மாற்றும் அதிகாரம் உடையவரின் பதவியும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். வடமாநிலத் தொழிலாளர் உள்ள இடத்தில் அவர்கள் மொழியிலும் ஒட்டப்பட வேண்டும். ஒருவர் மீது நடவடிக்கை எடுக்குமுன் கருவியின் பதிவு, பராமரிப்புக் குறிப்பு, தொழிலாளரின் கூற்று ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட வேண்டும். தம்மைப் பற்றிய பதிவை மாதந்தோறும் கண்டு, பிழை இருப்பின் திருத்தம் கோரும் வழி வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய மென்பொருள் தேவையில்லை.

முடிவுரை

பகுப்பாய்வை ஆள்வது என்பது தரவைப் பூட்டிவைப்பதோ, திரைகளைப் பெருக்குவதோ அன்று. ஓர் எண்ணின் வரையறையும் சரிபார்ப்பும் பொறுப்பும் யாருடையவை என்பதை அறியச் செய்வதே அது. கொங்கு நாட்டு நூற்பாலைகள் தமக்குள் நியாயமாக ஒப்பிட்டுக்கொள்ளும் முறையைக் கண்டறிந்தன. 60-ஆம் எண் நூல் நூற்கும் ஆலையைச் சோம்பல் ஆலை என்று எவரும் சொல்லாதவாறு காத்தது அம்முறை. தரமற்ற பஞ்சோடும் தேய்ந்த எந்திரத்தோடும் போராடும் சைடருக்கும் அக்காப்பு கிடைக்கும்போதே, அம்முறை முழுமை பெற்றதாகும்.