ஃப்ளை கீசர்: படத்துக்குள் வராத பாதி

"உலகின் விசித்திரமான இடங்கள்" என்று பட்டியல் போடும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்தப் படம் கட்டாயம் இருக்கும். சிவப்பும் பச்சையும் ஆரஞ்சும் வழிந்தோடும் கூம்புகள், அவற்றின் உச்சியிலிருந்து பீய்ச்சியடிக்கும் வெந்நீர், சுற்றிலும் புகைமூட்டமாய் ஆவி, பின்னால் மொட்டை மலைகள். கீழே "இது பூமிதானா?" என்கிற மாதிரி ஒரு வாசகம்.

பூமிதான். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் பாலைவனத்தை ஒட்டி, கெர்லாக் என்ற குட்டி ஊருக்கு வடக்கே இருக்கிறது. பெயர் ஃப்ளை கீசர். நம்ம ஊர்ல கீசர்னா குளியலறைச் சுவரில் மாட்டுகிற வெந்நீர்ப் பெட்டி. ஆனால் அந்தச் சொல் ஐஸ்லாந்தில் உள்ள கெய்சிர் என்ற வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. விட்டு விட்டுப் பீறிடுவதுதான் முறையான கீசர். ஃப்ளை கீசர் நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆக, பெயரிலேயே கொஞ்சம் மிகை.

இந்த ஊற்றின் படங்களை ஒரு வகைமையாக எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே எண்ணம். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவை நல்ல படங்கள்தான். வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஒன்று புரிகிறது. எல்லாமே ஒரே விஷயங்களைக் காட்டுகின்றன, ஒரே விஷயங்களை மறைக்கின்றன.

முதலில் அளவு. படத்தைப் பார்த்தவர்களிடம் அதன் உயரம் என்ன இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நாலு மாடி, ஐந்து மாடி என்பார்கள். உண்மையில் அந்தக் கூம்புகள் ஓர் ஆள் உயரம்கூட வராது, சுமார் 5 அடிதான். அவை உட்கார்ந்திருக்கும் மேட்டையும் சேர்த்தால் 25, 30 அடி வரும். அகலக் கோண லென்ஸைத் தரையோடு தரையாக வைத்து அண்ணாந்து எடுத்தால் எறும்புப் புற்றும் கோபுரம்தான். அளவு காட்ட ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் போதும். அந்த ஆளைத்தான் கவனமாகத் தவிர்க்கிறார்கள்.

அடுத்தது நிறம். கூம்பு உருவானது தண்ணீரில் கரைந்து வந்த தாதுக்கள் படிந்து படிந்து. வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதன் பிரம்மாண்டமான உறவினர் என்று வைத்துக்கொள்ளலாம். நிறம் தருபவை அதன்மேல் வாழும், சூடு தாங்கும் பாசிகளும் நுண்ணுயிர்களும். இப்படிப்பட்ட ஊற்றுகளில் எந்தச் சூட்டில் எந்த உயிர் வாழும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எல்லோஸ்டோனின் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றில் நடுவில் நீலம், அதைச் சுற்றி மஞ்சள், பிறகு ஆரஞ்சு, ஓரத்தில் செம்பழுப்பு என்று வளையம் வளையமாகத் தெரிவது, தண்ணீர் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆறிக்கொண்டே போவதால்தான். அங்கே நிறம் என்பது ஏறக்குறைய ஒரு வெப்பமானி. கணினியில் நிறச்செறிவை இழுத்து ஏற்றும்போது மென்மையான இடைநிறங்கள் எல்லாம் ஒரே பளீர் சிவப்பாகிவிடுகின்றன. படம் கண்ணைப் பறிக்கும், ஆனால் அதிலிருந்து படிக்க எதுவும் மிஞ்சாது.

மூன்றாவதுதான் முக்கியமானது: படத்தில் இல்லாத வரலாறு.

1916ல் பாசனத்துக்காக அங்கே ஒரு கிணறு தோண்டினார்கள். வந்த தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருந்ததால் பயிருக்கு உதவவில்லை. 1964ல் புவிவெப்ப மின்சாரத்துக்காக ஒரு நிறுவனம் வந்து அருகில் சோதனைத் துளை போட்டது. தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸ். மின்சாரத்துக்கு அது போதவில்லை. அதாவது ஒருத்தருக்குச் சூடு ஜாஸ்தி, இன்னொருத்தருக்குச் சூடு பத்தல! இரண்டாவது துளையைச் சரியாக மூடாமல் போனதால் கசிந்த தண்ணீர்தான் இன்று நாம் பார்க்கும் ஃப்ளை கீசர். முதல் துளையைச் சுற்றி வளர்ந்த பழைய கூம்பு, ஊற்று வற்றிப்போய்ப் பக்கத்திலேயே நிற்கிறது. பிரபலமான படங்களில் அதைத் தேடிப் பாருங்கள், அநேகமாக இருக்காது. அது இருந்தால் "இங்கே என்ன நடந்தது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

இதே நெவாடாவில் 1867ல் ஒருவர் படம் எடுத்தார். திமதி ஓ'சல்லிவன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் பிணக்களங்களைப் படம் பிடித்த கை அது. அரசின் நில ஆய்வுக் குழுவோடு கார்சன் பாலைவனத்துக்குப் போனவர், மணல்மேடுகளுக்கு நடுவே தன் இருட்டறை வண்டியும் கோவேறு கழுதைகளும் நிற்பதை எடுத்தார். வண்டியிலிருந்து கேமராவை நோக்கி வரும் காலடித் தடங்களும் படத்தில் பதிந்திருக்கின்றன. ஆளரவமற்ற பாலைவனம் என்று அவரும் காட்டியிருக்கலாம், தடங்களை விட்டு நகர்ந்து நின்றாலே போதும். அவர் நகரவில்லை. "நான் வந்தேன், மிதித்தேன், எடுத்தேன்" என்று அந்தப் படமே சொல்லிவிடுகிறது. 150 வருஷத்துக்கு மேலாகியும் அது பழசாகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1975ல் ரோசெஸ்டரின் ஈஸ்ட்மன் ஹவுஸில் நடந்த "நியூ டோபோகிராஃபிக்ஸ்" கண்காட்சி இந்த நேர்மையை ஒரு கொள்கையாகவே ஆக்கியது. மனிதன் மாற்றிய நிலக்காட்சி என்பதுதான் அதன் பேசுபொருள். ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ் போன்றவர்கள் புறநகர் வீடுகளையும் தொழிற்கூடச் சுவர்களையும் அலங்காரமில்லாமல் எடுத்துவைத்தார்கள். ஃப்ளை கீசரைவிடப் பொருத்தமாக மனிதன் மாற்றிய நிலம் ஒன்று உண்டா? ஆனால் அந்த மரபு அதன் பக்கம் வந்ததாகவே தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் சூரிய உதய நேரம் பார்த்து வந்தவர்கள்.

"அழகா இருக்கு, ரசிச்சுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அழகைக் காட்டுவது குற்றமில்லை. 1871ல் எல்லோஸ்டோனுக்குப் போன ஆய்வுக் குழுவில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார், தாமஸ் மோரன் நீர்வண்ணத்தில் அந்த நிறங்களைக் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்துதான் வாஷிங்டனை நம்பவைத்தன. அடுத்த வருஷமே அது தேசியப் பூங்கா ஆனது. அங்கே அழகு ஒரு வாதமாக நின்றது.

ஃப்ளை கீசர் படங்களிலும் ஒரு வாதம் இருக்கிறது, ஆனால் அது நேர் எதிரானது. மூடாமல் கைவிட்ட ஒரு துளை "இயற்கையின் அதிசயம்" என்ற தலைப்பில் ஞானஸ்நானம் பெற்றுவிடுகிறது. தோண்டியவர் மறைந்துபோகிறார். தோண்டிவிட்டு மூடாமல் போகும் துளைகள் பெரும்பாலும் பூப்பூப்பதில்லை. இந்த ஒன்று பூத்துவிட்டதாலேயே இதை ஏன் மூடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இயற்கைக்கு இதில் பங்கில்லை என்று சொல்லவில்லை. சூடு, தாது, பாசி எல்லாம் அதனுடையது. துளை மட்டும் நம்முடையது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் கதை, சொல்லப்படும் கதையைவிட எவ்வளவோ விசித்திரமானது. அதைப் போய் வேற்றுக் கிரகக் கதையாகச் சுருக்குவானேன்?

2016ல் பர்னிங் மேன் அமைப்பு இந்த 3,800 ஏக்கர் பண்ணையை 65 லட்சம் டாலருக்கு வாங்கியது. இப்போது வழிகாட்டியோடு நடந்துபோய்ப் பார்க்கலாம். அதற்கு முன் அது தனியார் நிலம். பெரும்பாலானோர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படிச் சாலையிலிருந்து எடுத்த படங்களில் குறுக்கே வேலிக் கம்பி ஓடும். அகன்ற சமவெளியின் நடுவில் ஒரு சின்ன வண்ணப் பொட்டு ஆவி விட்டுக்கொண்டிருக்கும். யாரும் பகிர மாட்டார்கள், சுவரில் மாட்டவும் மாட்டார்கள். ஆனால் அது எவ்வளவு சின்னது, எங்கே இருக்கிறது, யாரோ வந்து போன இடம் என்ற மூன்றையும் அந்தச் சுமாரான படங்கள் சரியாகச் சொல்லிவிட்டன. அடுத்த முறை அந்தச் சிவப்புக் கூம்பு உங்கள் திரையில் வந்தால், ரசியுங்கள், தாராளமாக. கூடவே, எடுத்தவர் எங்கே நின்றார், எதை வெளியே தள்ள எவ்வளவு நகர்ந்தார் என்றும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.