கடிவாளமும் குதிரையும்

ஒரு நாவலைப் பாராட்ட வரும்போது, "ஆசிரியர் அடக்கத்துடன் எழுதியிருக்கிறார்" என்று சொல்லிவிடுவது விமரிசகர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எதை அடக்கினார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும் என்பதை 'ரிஃப்ரெயின்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் சரித்திரம் காட்டுகிறது.

இன்று அது அறிவிப்புப் பலகைச் சொல். புகை பிடிக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்பதை மரியாதையாகச் சொல்ல உதவுகிறது. ஒன்றைச் செய்யாமல் இருப்பது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. பழைய அர்த்தம் இத்தனை சோனியானதல்ல. லத்தீன் பாஷையில் 'ஃப்ரேனும்' என்றால் கடிவாளம். அதிலிருந்து பிறந்த 'ரெஃப்ரேனாரே' கடிவாளத்தைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குச் செயப்படுபொருளும் உண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் நாக்கை, உதட்டை, காலைக்கூட இந்தச் சொல்லால் இழுத்துப் பிடிக்கிறார்கள். பிற்பாடு செயப்படுபொருள் கழன்று போயிற்று. குதிரை போய்விட்டது, கடிவாளம் பிடித்த கை மட்டும் நிற்கிறது.

பாட்டின் பல்லவிக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்து, இதே உச்சரிப்பு. ஆனால் அது வேறு குலம்; உடைத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வாரிசு. நமக்கு இங்கே அது வேண்டாம்.

குதிரையோடு கூடிய அடக்கத்துக்கு ஜேன் ஆஸ்டின் 1815இல் வெளியிட்ட 'எம்மா' நல்ல உதாரணம். நைட்லி தம் காதலைச் சொல்லிவிட்டு எம்மாவின் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவள் சொன்ன வார்த்தைகளை ஆசிரியை நமக்குத் தருவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னாள் என்கிற பாவனையில் நகர்ந்துவிடுகிறாள். நமக்கு ஏமாற்றமே இல்லை. ஊரார் கல்யாணங்களையெல்லாம் நிச்சயிக்கப் புறப்பட்ட பெண், தன் மனசைத் தானே அறியாமல் இருந்து, தன் தோழியும் அவரையே விரும்புகிறாள் என்று தெரிந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறாள். அவர் தோழியைப் பற்றித்தான் பேச வருகிறாரோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. இத்தனை வேகத்தில் ஓடிவந்ததைத்தான் ஆஸ்டின் ஒரே வரியில் நிறுத்துகிறாள். அந்த வரியை முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தால் அதைச் சோம்பல் என்றே சொல்லியிருப்போம்.

சின்னச் சின்ன வாக்கியங்களில், உணர்ச்சி தலைகாட்டாமல் எழுதிய கதையைப் படித்து முடித்ததும் வாசகர் தம்மைக் கேட்டுப் பார்க்கலாம்: இவர் சொல்லாமல் விட்டது என்ன? பதில் நெஞ்சில் எழுந்தால் அது அடக்கம். எழாவிட்டால், ஆசிரியரிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.