எஸ்.ஜி. கிட்டப்பாவின் மேடைக்குரல்

எஸ்.ஜி. கிட்டப்பா (ஆகஸ்ட் 25, 1906 – டிசம்பர் 2, 1933) தமிழ் இசைநாடக நடிகர், பாடகர். குற்றாலத்தை அடுத்த செங்கோட்டையில் பிறந்தவர். ஒலிபெருக்கி பரவுவதற்கு முன், எந்த ஊர்க் கொட்டகையிலும் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடியவர்.

அரங்கும் சுருதியும்

நாடகக் கொட்டகைகள் ஒன்றுபோல் இருந்ததில்லை. ஓலைக்கூரையும் மண்தரையும் ஒலியை உறிஞ்சும். தகரமும் சுவரும் எதிரொலிக்கும். திறந்தவெளியில் ஒலி கலைந்துவிடும். கச்சேரிப் பாடகர்களில் ஆண்கள் பலர் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாட, கிட்டப்பா ஐந்து கட்டையில் பாடியவர் என்று அறியப்படுகிறார். கூட்டத்தின் இரைச்சலில் தாழ்ந்த ஒலிகளே மிகுதி. உச்சத்தில் நிற்கும் குரல் அதற்கு மேலே தனித்துக் கேட்கும். உடன்பிறந்த காசி ஐயரின் ஹார்மோனியம் சுருதியை ஊருக்கு ஊர் மாறாமல் வைத்தது. தாளக்கட்டற்ற விருத்தத்தில், எதிரொலி அடங்கும்வரை நிறுத்தி அடுத்த சொல்லை எடுக்க இடமுண்டு.

இசைத்தட்டு

அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். அதில் கிட்டப்பாவின் பிருகா வேகமும் சுருதிச் சுத்தமும் பதிவாகியுள்ளன. குரல் கடந்த தூரம் பதிவாகவில்லை. அருகில் கேட்கும்போது மிகையாகத் தோன்றும் உச்சம், கொட்டகையின் கடைசி வரிசைக்கு அளவானதாக இருந்திருக்கும். இசைத்தட்டை மட்டும் கேட்டு அவரை மதிப்பிடுவது முழுமையாகாது.

மதிப்பீடு

கிட்டப்பாவின் குரலைப் பிறவிக்கொடை என்று மட்டும் புகழ்வது, அதன் பின்னுள்ள தேர்வுகளை மறைத்துவிடுகிறது. அத்தேர்வுகளுக்கு விலையும் உண்டு. ஐந்து கட்டைப் பாட்டில் மந்திர ஸ்தாயிக்கு இடம் குறைவு. ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகத்தில் காதலின் இரகசியப் பேச்சும் உச்சக்குரலிலேயே ஒலிக்க வேண்டியிருந்தது.

கிட்டப்பாவின் மனைவி கே.பி. சுந்தராம்பாள் மேடையிலிருந்து திரைக்குச் சென்ற பின்னும் உச்சக்குரலைக் கைவிடவில்லை. ‘ஔவையார்’ (1953) படத்தில் அது மூதாட்டியின் அதிகாரமாகப் பொருந்தியது. எல்லாப் பாத்திரத்துக்கும் அப்படிப் பொருந்துவதில்லை.

இன்று செங்கோட்டை முதல் திருவேங்கடம் வரை கோயில் விழா மேடைகளில் ஒலிபெருக்கி உண்டு. உச்சக்குரலின் தேவை குறைந்தாலும் இசைநாடகத்தில் அந்தப் பாணி நீடிக்கிறது. தூரத்துக்காக உருவான குரலை மைக் மேலும் பெருக்கும்போது முதலில் இழக்கப்படுவது சொல்தெளிவு. கிட்டப்பாவிடமிருந்து கற்க வேண்டியது உரத்த குரலை அல்ல. அரங்கு மாறினாலும் சுருதியும் சொல்லும் மாறாமல் காத்த ஒழுங்கை.