காஸ் போகவில்லை, ராத்தா!

பிரிட்ஜ் திருத்துவதைப் பற்றி நான் வாயைத் திறந்தால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அவசர வேலை வந்துவிடும். மனைவிக்கு அடுப்பில் ஏதோ ஞாபகம் வரும். மகனுக்குப் புத்தகம் ஞாபகம் வரும், அது ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிற அதிசயம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வாசிக்கிறவர் பாதியில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

கலகெதரவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருணாகல் போகும் ஏ-10 வீதியில் மலை இறங்கத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கண்டி மன்னர் காலத்தில் பொதிமாடு பிடித்து உப்பும் துணியும் ஏற்றி இறக்கிய மடிகே மக்களின் வழி வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். இப்போது அதே பாதையில் பிரிட்ஜ்கள் லொறியில் ஏறி வருகின்றன. பழுதானதும் முச்சக்கர வண்டியின் பின்னால் கயிறு கட்டிக்கொண்டு வேறெங்கோ போகின்றன. போகிறவற்றில் பாதி போகத் தேவையில்லாதவை என்பது என் உறுதியான கட்சி.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் ஊரில் பிரிட்ஜ் வேலை செய்கிற ஒரு நானா. லீவு நாட்களில் அவருடைய ஆயுதப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கமாட்டார். முதலில் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேள்வி. எப்போதிலிருந்து? மேலே ஐஸ் கட்டுதா? ராத்திரியில் சத்தம் நிற்குதா? பிறகு கை. உள்ளங்கையைப் பிரிட்ஜின் பக்கச் சுவரில் வைப்பார், சூடு இருக்கிறதா என்று. பின்னால் குனிந்து கொம்பிரசரைத் தொடுவார். அதற்குள் திரும்பி வருகிற தடித்த குழாயை இரண்டு விரலால் பிடிப்பார். இவ்வளவிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் மீட்டர்.

பக்கத்து ராத்தாவின் பிரிட்ஜ் கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. அவர் வீட்டில் யோகட்டும் ஐஸ் பக்கட்டும் செய்து பாடசாலைப் பிள்ளைகளுக்கு விற்கிறார். இரட்டைக் கதவு, ஐஸ் தானாகக் கரைகிற வகைப் பிரிட்ஜ். மேலே ஐஸ் பக்கட் ஒருமாதிரி இறுகுகிறது, கீழே யோகட் புளிக்கிறது. கொம்பிரசர் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது. வந்து பார்த்த ஒருவர், “காஸ் போயிட்டுது, அடிக்கணும்” என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருந்தார். இன்னொருவர் புதிதே வாங்கச் சொல்லிவிட்டார்.

நானா கேட்டது ஒரே கேள்வி. “ராத்தா, இதுக்கு முந்தி ஒரு நாள் பூரா ஓஃப் பண்ணிக் கதவத் தொறந்து வச்சீங்களா?”

“ஓ தம்பி, கழுவுறதுக்கு வச்சன். பொறகு நாலஞ்சு நாள் புதுசு மாதிரி கூலாகிச்சு. திரும்ப இதே கதைதான்.”

நானா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பொய்யில்லை. போன காஸ் கதவைத் திறந்து வைத்தால் திரும்பி வராதே! கரைந்து போனது ஐஸ். அப்படியானால் பழுது, ஐஸைக் கரைக்கிற ஏற்பாட்டில்.

இந்த வகைப் பிரிட்ஜில் குளிர்ச் சுருள் கண்ணுக்குத் தெரியாது. பிரீசரின் பின்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒரு சிறு விசிறி அதன் மேல் காற்றை ஊதி மேலும் கீழும் அனுப்பும். காற்றிலுள்ள ஈரம் சுருளில் பனியாகப் படியும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு டைமர் கொம்பிரசரை நிறுத்திவிட்டு, சுருளுக்கு அடியிலுள்ள ஹீட்டருக்குக் கரண்ட் கொடுத்து அந்தப் பனியைக் கரைக்கும். கரையாவிட்டால் பனி சுருளை மூடிவிடும், காற்றுப் போக வழியிருக்காது. முதலில் சூடாவது கீழ்த்தட்டு. யோகட் புளித்த காரணம் அதுதான்.

பலகையைக் கழற்றினோம். அந்தக் காட்சியை நான் எத்தனை பேருக்கு விபரித்திருப்பேன்! ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒரே கனத்தில், பஞ்சுபோல் வெள்ளைவெளேரென்று பனி. இதைப் பார்த்த பிறகும் காஸ் குறைவு என்று சொல்பவர் சொல்லட்டும். காஸ் குறைந்த சுருளில், காஸ் உள்ளே நுழைகிற முதல் இரண்டு மடிப்பில் மட்டும் பனி இருக்கும், மீதி வெறுமையாகக் கிடக்கும். பனி படிந்த விதமே சாட்சி.

நானா டைமரின் திருகை ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் திருப்பினார். ‘டக்’. கொம்பிரசர் நின்றது. இந்த நொடியில் ஹீட்டர் தொடங்கியிருக்க வேண்டும். 150 வாட் ஹீட்டர், 230 வோல்ட், ஆகவே சுமார் 0.65 அம்பியர். வயரைச் சுற்றிப் பிடித்திருந்த கிளாம்ப் மீட்டர் பூச்சியம் காட்டியது. பிளக்கைக் கழற்றிவிட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்துப் பனியைக் கரைத்தோம். (கத்தியால் குத்தாதீர்கள். மெல்லிய அலுமினியக் குழாய் அது. ஒரு துளை விழுந்தால் அப்போது உண்மையாகவே காஸ் போகும்.)

பிறகு வந்ததுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். ஹீட்டரின் தடை எவ்வளவு இருக்க வேண்டும்? 230-இன் வர்க்கம் 52,900. அதை 150-ஆல் வகுத்தால் 353 ஓம் அளவில் வரும். மீட்டர் 348 என்றது. ஹீட்டர் நிரபராதி. சாதாரண தர வகுப்பில் நான் ஆண்டாண்டாகக் கரும்பலகையில் எழுதுகிற சமன்பாடு, யோகட் வாசமடிக்கிற ஒரு குசினியில் ஐந்து ஓம் வித்தியாசத்தில் வந்து நின்றது! எனக்குக் கைதட்டத் தோன்றியது. ராத்தா என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

அடுத்தது வெப்ப பியூஸ். விரல் நுனியளவு குப்பி. ஹீட்டர் அளவுமீறிச் சூடேறினால் தன்னைத் தானே அறுத்துக்கொண்டு கரண்டை நிறுத்துவது அதன் ஒரே வேலை. மீட்டரில் ஓசையே இல்லை, அறுந்திருந்தது. என்னைப் போன்றவன் அந்த இடத்தில் துள்ளிக் குதித்து, புது பியூஸ் போட்டு, பலகையை மூடியிருப்பான். நானா மூடவில்லை. “காவக்காரன் செத்துக் கிடக்கான். கொன்னது யாரு?” என்றார்.

அதே வரிசையில் இணைத்த மூன்றாவது ஆள், பைமெட்டல். பாடப்புத்தகத்தில் ஈருலோகச் சட்டம் என்று வருமே, அதேதான், ஒரு வட்டச் சிமிழுக்குள். சுருள் பூச்சியத்துக்குக் கீழே நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது இது மூடியிருந்து ஹீட்டருக்கு வழிவிடும். பனி கரைந்து சுருள் 10 பாகை செல்சியஸை ஒட்டி வந்ததும் திறந்து வழியை அடைக்கும். கலகெதரவின் பகல் வெக்கையில் கையில் இருக்கிற பைமெட்டல் திறந்துதான் இருக்க வேண்டும். மீட்டரை வைத்தால் ‘பீப்’. மூடியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது! ஒவ்வொரு முறையும் ஹீட்டரை நிறுத்த ஆளில்லாமல் சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது, கடைசியில் பியூஸ் உயிரைக் கொடுத்திருக்கிறது. பியூஸை மட்டும் மாற்றியிருந்தால் புதுப் பியூஸுக்கும் அதே கதிதான்.

புதிய பைமெட்டலைப் போடுவதற்கு முன் நானா அதை ராத்தாவின் தங்கை வீட்டு பிரீசரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார். மீட்டரில் ‘பீப்’. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். சிறிது நேரத்தில் விரல்களுக்கிடையில் ஒரு மெல்லிய ‘டிக்’, சத்தம் நின்றது. இந்த இடத்தில் மகிழ்ச்சி வராதவருக்கு நான் என்ன சொல்ல? 18ஆம் நூற்றாண்டில் ஜோன் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் கப்பலில் கொண்டுபோகும் கடிகாரம் வெயிலிலும் குளிரிலும் பிசகாமல் ஓடுவதற்காக இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒட்டினார். அந்த யோசனையின் பேரப்பிள்ளை ராத்தாவின் பிரிட்ஜுக்குள் யோகட்டைக் காக்கிறது. மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்கு 1883இல் காப்புரிமை வாங்கிய அமெரிக்கரான வாரன் ஜோன்சன் யார் தெரியுமா? ஓர் ஆசிரியர். வகுப்பறை ஒருநேரம் குளிர்கிறது, ஒருநேரம் வேகிறது என்று எரிச்சல்பட்டுத் தொடங்கியவர். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இதைச் சொன்னேன். அங்கும் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

செலவு? கண்டியில் வாங்கிய இரண்டு உதிரிப்பாகமும் சேர்ந்து ஒரு கோழிக் கொத்தின் விலைக்குள் அடங்கிவிட்டன. நானாவின் கூலி தனி, அது கொடுக்கத் தகும்.

கொம்பிரசர் பக்கம் வந்தால் இன்னொரு அழகான கணக்கு. அதன் பக்கவாட்டில் மூன்று ஊசிகள்: பொது, ஓட்டம், தொடக்கம். பொதுவுக்கும் ஓட்டத்துக்கும் இடையில் 14 ஓம், பொதுவுக்கும் தொடக்கத்துக்கும் இடையில் 21 என்றால், மற்ற இரண்டுக்கும் இடையில் 35 வந்தே ஆக வேண்டும். வந்தால் சுருள்கள் நலம். அப்படியும் ஓடாமல், ‘டிக்’ என்று தொடங்கி ஏழெட்டு விநாடி உறுமி மீண்டும் ‘டிக்’ என்று அடங்கினால், அநேகமாக ஸ்டார்ட் ரிலேயைச் சந்தேகிக்கலாம். கழற்றிக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் அதன் வில்லை உடைந்திருக்கிறது.

ரிலேயும் நல்லது, கொம்பிரசரும் நல்லது, மாலையில் மட்டும் ஓடமாட்டேன் என்கிறதா? பிளக் பொயின்டில் வோல்டேஜை அளக்க வேண்டும். மலையில் லைனின் கடைசி வீடுகளில் ஏழு மணிக்கு 180 வோல்ட்டைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230க்குப் பதில் 180 என்றால் கிடைப்பது நூற்றுக்கு அறுபது பங்கு பலம். அந்த வீட்டில் புதுக் கொம்பிரசர் போட்டாலும் அதுவும் உறுமும்.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினாலும் விலையேற்றத்தினாலும் புதுப் பிரிட்ஜ் கனவாகிவிட்டது. அப்போதுதான் ஊர் நானாவின் அருமையை அறிந்தது. கரண்ட் வந்தவுடன் பிரிட்ஜைப் போடாதீர்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று அவர் தொண்டை வறளச் சொல்வார். குழாய்களுக்குள் அழுத்தம் சமப்பட வேண்டும், சூடேறிய ரிலே ஆற வேண்டும். இல்லாவிட்டால் கொம்பிரசர் சுமையோடு எழ முயன்று விழும்.

இன்வேர்ட்டர் ஏசி, இன்வேர்ட்டர் பிரிட்ஜ் எல்லாம் சர்கிட் போர்டின் ஆட்சி என்றதும் இந்த இன்பம் முடிந்துவிட்டது என நினைத்தேன். இல்லவே இல்லை! அங்கே வெப்பநிலையைச் சொல்கிற சென்சர் ஒரு சின்ன முத்து. குளிரக் குளிர அதன் தடை ஏறும். உடைத்த ஐஸையும் தண்ணீரையும் ஒரு கோப்பையில் கலந்தால் பூச்சியம் பாகை தயார், எந்தக் கடையிலும் வாங்க வேண்டியதில்லை. 25 பாகையில் 10,000 ஓம் காட்டுகிற பொதுவான வகை, அந்தக் கோப்பையில் ஏறத்தாழ 32,000 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் போர்டைக் குறை சொல்லாதீர்கள், பாவம், அது கேட்ட பொய்யை நம்பி ஓடுகிறது. கண்டிப் பக்கத்து விடுதி ஒன்றின் ஏசியில் போர்ட், சென்சர் எல்லாம் சரி. வெளி யூனிட்டின் மூடியைத் திறந்தால் கருகிய பல்லி ஒன்று இரண்டு முனைகளுக்குப் பாலம் போட்டுக் கிடந்தது. ரிலேக்குள் எறும்பு நுழைந்து தொடுகையைக் கெடுப்பதும் இங்கே சாதாரணம். எந்த நாட்டுக் கையேட்டிலும் பல்லிக்கு ஓர் அத்தியாயம் நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் என் உற்சாகத்துக்கு நானே கடிவாளம் போடுகிறேன். இலங்கை 1989இல் மொன்றியல் உடன்படிக்கையில் சேர்ந்த பிறகு பழைய ஆர்-12 காஸ் படிப்படியாகப் போய், ஆர்-134ஏ வந்து, இன்று புதுப் பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ. இது தீப்பற்றும். கொம்பிரசரில் அந்த எழுத்தைக் கண்டால் குழாயில் கை வைப்பதும் நெருப்பு வைத்து ஒட்டுவதும் பயிற்சி பெற்றவர் வேலை. இன்வேர்ட்டர் போர்டும் அப்படித்தான். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் சற்று நேரம் தங்கியிருக்கும்.

ஆனால் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் யாருக்கும் பயிற்சி வேண்டாம். அடுத்த முறை பிரிட்ஜ் திருத்துகிறவர் வருவதற்கு முன் மூன்றை மட்டும் எழுதி வையுங்கள்: கொம்பிரசர் நின்று நின்று ஓடுகிறதா அல்லது ஓய்வில்லாமல் ஓடுகிறதா, பக்கச் சுவர் சுடுகிறதா, ஒரு நாள் நிறுத்திவைத்தால் பிறகு சில நாள் நன்றாக இருக்கிறதா. மூன்றாவதற்குப் பதில் “ஆம்” என்றால், பின்பலகையைக் கழற்றிப் பனியைக் காட்டும்வரை காஸ் அடிக்கச் சம்மதிக்காதீர்கள்.