எண்ணிக்கையில் விட்டுப்போனவர்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் வகுப்பு எடுப்பதுண்டு. தலைப்பு எதுவானாலும் நடுவில் பரமார்த்த குரு வந்துவிடுவார். குதிரையில் போகும்போது அவருடைய தலைப்பாகை கீழே விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி உத்தரவில்லை. கீழே விழுவதை எல்லாம் எடுக்க வேண்டாமா என்று குரு திட்டுகிறார். அடுத்து குதிரை லத்தி விழ, அதையும் பத்திரமாக ஏந்திக்கொள்கிறார்கள். வெறுத்துப்போன குரு, எதை எதை எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். கடைசியில் அவரே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் பட்டியலைப் பார்த்து அவர் உடுப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, ஆளை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் அவர் இல்லை.

வகுப்பு சிரிக்கும். ‘விதிமுறைய மனப்பாடம் பண்ணாதீங்க, யோசிங்க’ என்று நான் முடித்துவைப்பேன். நல்ல கைதட்டல் கிடைக்கும்.

ஒருநாள் பின்னிரவில் எங்கள் சர்வர் ஒன்றில் டிஸ்க் நிரம்பியது. பணியில் இருந்தது சேர்ந்து சில மாதமே ஆன ஒரு பையன். இதுபோன்ற வேளையில் என்ன செய்வது என்று நான் எழுதிய ரன்புக் அவனிடம் இருந்தது. பழைய லாக் கோப்புகளை அழி, சேவையை மறுபடி தொடங்கு, பதினைந்து நிமிடம் பொறு. அவன் அழித்தான், தொடங்கினான், பொறுத்தான். டிஸ்க் மறுபடி நிரம்பியது. விடியும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறான். காலையில் வாடிக்கையாளர் கூப்பிட்டுத்தான் எங்களுக்கே தெரிந்தது.

‘எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?’ என்றேன்.

‘அதுல அப்படி எழுதலையேண்ணா. போன மாசம் இன்னொருத்தர் லிஸ்ட்ல இல்லாதத செஞ்சாருன்னு நீங்கதானே எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டீங்க.’

அன்றைக்குத்தான் அந்தக் கதையை முதல்முறையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் பெஸ்கி பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய நூல் அது. அவர் 1747இல் இறந்தார். 75 ஆண்டுகள் கழித்து, 1822இல், பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சீடர்களுக்கு வைத்த பெயரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, இருநூறு ஆண்டுகளாக நாம் அதைச் சிறுவர் கதையாகவும், சீடர்களைப் பார்த்துச் சிரிக்கும் கதையாகவுமே வைத்திருக்கிறோம்.

ஆனால் பட்டியல் கதையை மெதுவாகப் படித்தால் சீடர்கள் முட்டாள்களாகத் தெரிவதில்லை. முதலில் சும்மா இருந்தார்கள், திட்டு விழுந்தது. பிறகு தாமாக ஒன்றைச் செய்தார்கள், அதற்கும் திட்டு விழுந்தது. இரண்டு முறை அடிபட்டவன் மூன்றாம் முறை எழுத்தில் கேட்பான். அது முட்டாள்தனமல்ல, தற்காப்பு. ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் கரையில் நிற்கும் சீடர்களை உருவாக்கியவர் பள்ளத்துக்குள் கிடக்கிறார். நிர்வாகம் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒரு பாடத்தை நான் படித்ததில்லை. அதைத்தான் இத்தனை வருடம் வகுப்பில் தலைகீழாக நடத்திக்கொண்டிருந்தேன்.

நிர்வாகம் கற்றுக்கொடுக்கும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தலைகீழ்த்தனம் உண்டு. 1998இல் வெளிவந்த ஸ்பென்சர் ஜான்சனின் ‘ஹூ மூவ்டு மை சீஸ்?’ நிறுவனங்கள் ஊழியர்களுக்கு வாங்கிக் கொடுத்த புத்தகம். இரண்டு எலிகள், எலி அளவே உள்ள இரண்டு குட்டி மனிதர்கள். வழக்கமான இடத்தில் இருந்த சீஸ் ஒருநாள் இல்லாமல் போகிறது. புலம்பாமல் புது சீஸைத் தேடிப் போ என்பது நீதி. சீஸை நகர்த்தியது யார் என்று தலைப்பு கேட்கிறது. கதை அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இல்லை. கொடுப்பவரைக் கணக்கில் சேர்க்காத கதை என்பதால்தான் கொடுப்பவருக்கு அது அவ்வளவு வசதியாக இருந்தது. பெஸ்கி அப்படித் தப்பிக்க விடுவதில்லை. அவருடைய கதையில் பள்ளத்தில் விழுவது குருதான்.

பரமார்த்த குருவில் ஓர் உப்புக் கதையும் இருக்கிறது. ஆற்றைக் கடக்கப் பயந்து கரையில் நிற்கும்போது ஒரு சீடன் சொல்வது. அவனுடைய பாட்டன் கழுதைகள்மேல் உப்பு மூட்டை ஏற்றி ஆற்றில் இறங்கியிருக்கிறார். கரையேறிப் பார்த்தால் மூட்டையில் உப்பு இல்லை. தையல்கூடப் பிரியாமல் ஆறு அத்தனையையும் தின்றுவிட்டது, நம்மைத் தின்னாமல் விட்டதே என்று சந்தோஷப்பட்டார்களாம்.

இதை மரக்காணத்தில் என் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவின் தம்பி, பல வருடம் அங்கே குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்தியவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் வெள்ளைக் குவியல்கள், நின்று படம் எடுக்கும் இடம். மாமாவுக்கு அது கணக்கு. தை மாதத்துக்குமேல் பாத்தியைச் சரிசெய்து தண்ணீர் கட்டி, டிகிரி ஏறுகிறதா என்று பார்த்துக் காத்திருந்து, இருபத்தைந்தைத் தொட்டபின் உப்பு இறங்க, வாரி வரப்பில் குவிக்க வேண்டும். ஐப்பசி மழைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் பாத்தியில் இருப்பதும் போச்சு, மூடாத குவியலும் கரைந்தது.

கதை முடிந்ததும் மாமா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘நானும் அப்படித்தான மாப்ள சொல்லிக்கினு இருந்தேன்’ என்றார்.

ஒரு வருடம் விலை ஏறும் என்று உப்பை விற்காமல் வைத்திருந்திருக்கிறார். மூடுவதற்குக் கீற்று வாங்கலாம் என்று வேலையாள் சொல்லியிருக்கிறார். இப்போது என்ன அவசரம் என்று அவர் வாயை அடைத்துவிட்டார் மாமா. ஒரே ராத்திரி மழை. குவியலில் பெரும்பங்கு போனது. ‘மழை தின்னுடுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன். உங்க அத்தை கிட்டயும் அதான் சொன்னேன். கீத்து வாங்காதேன்னு மழையா சொல்லுச்சு?’

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கோளாறுக்குப் பிறகும் மூல காரணம் எழுதும் ஓர் அறிக்கை உண்டு. அந்த இரவுக்கான அறிக்கையில் மூல காரணம் என்ற இடத்தில், ‘டிஸ்க் நிரம்பியது, பணியாளர் மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். ஆறு தின்றுவிட்டது என்பதற்கு எங்கள் மொழியில் அதுதான் பெயர்.

பரமார்த்த குருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆற்றைக் கடந்தபின் தலை எண்ணுவது. எண்ணுகிற ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறான். இங்கிலாந்தின் கோதம் ஊர் முட்டாள்கள் கதையிலும் இதே எண்ணிக்கை உண்டு. எந்த ஊரிலும் மனிதன் மறக்கிற தலை அது ஒன்றுதான் போல. நகைச்சுவைக் கதைகளை வைத்து நிர்வாகம் படிப்பதில் உள்ள ஆபத்தும் அதுவே. மட்டி யார், மடையன் யார் என்று நமக்கு உடனே முகங்கள் தெரிந்துவிடுகின்றன. அந்தப் பையன், அந்த மேனேஜர், அந்த வாடிக்கையாளர். ஐந்து பேர் சரியாக இருக்கிறார்கள். ஆறாவது ஆளைத்தான் காணோம்.

அறிக்கையைத் திருத்தி என் பெயரைச் சேர்த்து மறுபடி அனுப்பினேன். ரன்புக்கில் முதல் வரியாக, ‘சந்தேகம் வந்தால் எந்த நேரத்திலும் என்னைக் கூப்பிடு’ என்று எழுதி வைத்தேன். அந்தப் பையன் அதைப் படித்துவிட்டு, ‘இது லிஸ்ட்ல இருக்குதாண்ணா, நிஜமாவே?’ என்று கேட்டான். கிண்டலா, பயமா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாயிருந்தாலும் காரணம் நான்தான்.